புகையில்லா அடுப்பு

அடுப்புத் தணலில் சர்க்கரையைப் போட்டால் குப்பென்று எரிந்துவிடும். நம் உடலின் செல்களும் சர்க்கரையைத்தான் எரிக்கின்றன. ஆனால் எவ்வளவு நிதானமாக! குளுக்கோஸ் முதலில் இரண்டாக உடைகிறது. அப்போது கிடைப்பது, ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. மூலக்கூறுகள் 2 மட்டுமே. பின்னர் மைட்டோகாண்டிரியாவுக்குள் சென்று, ஆக்சிஜன் உதவியால் முழுதும் சிதைந்தால் மொத்தம் சுமார் 30 கிடைக்கும். மிஞ்சும் கரியமில வாயுவை மூச்சாக விடுகிறோம்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. காலையில் எங்களுக்கு இட்லி வைத்துவிட்டு, தாம் ஒரு தம்ளர் காப்பியோடு பிற்பகல் இரண்டு மணி வரை ஓடியாடி உழைப்பார். ஒருசந்தி நாளில் மட்டுமல்ல, தினமும்தான்! கேட்டால், "எனக்குப் பசியே இல்லடி" என்பார்.

செல்கள் காத்திருக்குமா? கல்லீரல் சேமித்து வைத்த கிளைக்கோஜன் ஓர் இரவுக்குள்ளேயே வெகுவாகக் குறைந்துவிடும். பிறகு கொழுப்பு கரையும். ஆனால் உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைக் கேட்கும். அதுவும் சர்க்கரையாகவே கேட்கும்! அதற்காகத் தசையின் புரதத்தையும் உடல் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கத் தொடங்கும். அம்மா மாவாட்டும் கையின் தசையும் இதில் சேர்த்திதான்.