சேதுபதிகளைப் பற்றி மருமகளுக்கு

ராமநாதபுரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

  

அங்கோர் பார்த்துவிட்டு நீ எழுதியதை அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். ஏழாம் ஜெயவர்மன் என்ற கெமர் அரசன் 102 மருத்துவச் சாலைகளும், பெருவழிகளில் 121 தங்குமடங்களும் வைத்திருந்ததாக அங்குள்ள கல்வெட்டுகள் சொல்வதை எழுதி, "நம்ம பக்கம் இப்படி யாரும் இல்லையா மாமா?" என்று கேட்டிருந்தாயே. இருந்தார்கள், பாப்பா, நம் சேதுபதி மன்னர்கள். அவர்களுடைய ஊரில்தான் நீ பிறந்தாய்.

ராமேஸ்வரத்துக்குப் போகும் வழியைக் காப்பதுதான் சேதுபதிகளின் முதல் வேலை. 1605 வாக்கில் மதுரை நாயக்கர் சடைக்கன் சேதுபதியை இந்தச் சீமைக்கு அதிபதியாக ஏற்றார். அப்போது தலைநகர் போகலூர். பாம்பனில் ரயில் பாலம் வந்தது 1914-இல். அதுவரை காசியிலிருந்து வந்தவர்களும் கடைசியில் தோணி ஏறித்தான் கடலைத் தாண்டினார்கள். அந்த யாத்ரீகர்களுக்காகச் சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டி, சோறு போடக் கிராமங்களை மானியமாக எழுதி வைத்தார்கள். அந்தச் செப்பேடுகள் இன்றும் இருக்கின்றன.

கிழவன் சேதுபதிதான் தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்து கோட்டை கட்டியவர். கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவருக்கு உயிர்த்தோழர். 1693-இல் ஓரியூரில் அருளானந்தர் என்ற பாதிரியார் வெட்டப்பட்டதும் கிழவன் சேதுபதியின் ஆட்சியில்தான். பெருமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் நீ அவசியம் அறிய வேண்டியவர் முத்துராமலிங்க சேதுபதி. கைக்குழந்தையாக இருக்கும்போதே பட்டம் கிடைத்தது. 1772-இல் ஆற்காட்டு நவாபின் படையும் ஆங்கிலேயக் கும்பெனிப் படையும் கோட்டையைப் பிடித்தன. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. தாயோடு திருச்சிக் கோட்டையில் அடைத்தார்கள். அதே மாதம் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரும் கொல்லப்பட்டார். அவர் மனைவி வேலு நாச்சியார் ராமநாதபுரம் அரண்மனைப் பெண். ஒரே மாதத்தில் இரண்டு மறவர் சீமையும் விழுந்துவிட்டன.

மக்கள் அடங்கவில்லை. கிளர்ச்சி மூண்டதால் 1781-இல் முத்துராமலிங்க சேதுபதியை விடுவித்து மறுபடி அரியணையில் அமர்த்த வேண்டியதாயிற்று. ராமேஸ்வரம் கோயிலில் 1,212 தூண்களோடு நீளும் மூன்றாம் பிரகாரம் நிறைவு பெற்றது இவர் காலத்தில்தான். சுங்கத்திலும் துணி வணிகத்திலும் கும்பெனிக்கு இவர் வளைந்து கொடுக்கவில்லை. 1795-இல் பட்டத்தைப் பறித்து மீண்டும் சிறையில் வைத்தார்கள். 1803-இல் சீமை ஜமீனாகி அவர் தமக்கை மங்களேஸ்வரி நாச்சியார் கைக்குப் போனது. 1809-இல் சென்னையில் கைதியாகவே அவர் கண்மூடினார்.

ராமேஸ்வரத்தில் அந்தப் பிரகாரத்தின் மேற்கு வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது. தீர்த்தமாடி ஈர உடையோடு ஓடுகிற கூட்டம் அதை நின்று பார்ப்பதில்லை. எனக்கு அது தாங்கவில்லை. பாஸ்கர சேதுபதியை எல்லோருக்கும் தெரியும். விவேகானந்தர் சிகாகோ போக ஊக்கம் கொடுத்தவர், 1897-இல் அவர் பாம்பனில் இறங்கியபோது எதிர்கொண்டு வரவேற்றவர். அந்தப் புகழ் நியாயமானதுதான். ஆனால் நாட்டையும் வாழ்நாளையும் இழந்தவரை அல்லவா நாம் முதலில் நினைக்க வேண்டும்?

பொங்கலுக்கு வரும்போது ராமநாதபுரத்திலேயே இறங்கிவிடு. ராமலிங்க விலாசத்துக்குக் கூட்டிப் போகிறேன். தஞ்சை மராத்தியரோடு நடந்த போரைச் சுவரில் தீட்டியிருக்கிறார்கள். காலை வெளிச்சத்தில் பார்த்தால்தான் வண்ணம் தெரியும். டாக்டர் எஸ்.எம். கமால் எழுதிய சேதுபதி மன்னர் வரலாற்றையும் உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு உன் கெமர் அரசர்களைப் பற்றி எனக்கு இன்னும் விரிவாக எழுது.

அன்புடன்,
மாமா