நட்டமில்லாத பக்தி

"நம்பிவிட்டால் என்ன நட்டம், சித்தப்பா?"

கெங்குவார்பட்டியில், நோயுற்றுக் கட்டிலில் கிடந்த என் சிற்றப்பாவிடம் சில ஆண்டுகளுக்கு முன் நான் கேட்ட கேள்வி இது. தம் ஒரே மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த நாள்முதல் அவர் ஆலயத்திற்குள் காலெடுத்து வைத்ததில்லை. இருபது ஆண்டுகள் அப்படியே கழிந்தன. மருத்துவர்கள் கைவிரித்தபின், பங்குத்தந்தையை அழைத்து நோயில்பூசுதல் கொடுத்துவிட வேண்டுமெனக் குடும்பத்தார் துடித்தோம். அவரை இணங்கவைக்கும் பொறுப்பு, நான்கு நூல்களைப் புரட்டியவன் என்பதால் என் தலையில் விழுந்தது.

"கடவுள் இருந்தால் மோட்சம். இல்லாவிட்டால் அரைமணி நேரந்தானே போகும்?" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஏம்ப்பா, லாட்டரிச் சீட்டு விக்கவா வந்திருக்க?" என்றவர், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

1968-ஆம் ஆண்டில், அறிஞர் அண்ணா முதல்வராயிருந்தபோது தமிழக அரசு பரிசுச்சீட்டைத் தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற முழக்கத்தை என் வயதினர் மறந்திருக்கமாட்டார்கள். 2003-இல் லாட்டரி தடைசெய்யப்பட்டது. சீட்டுக் கடைகள் மறைந்தன. ஆனால் எப்படியும் நட்டமில்லை என்ற அந்த ஆறுதல் என் நெஞ்சில் பத்திரமாக இருந்திருக்கிறது. கடவுளையும் அதே முழக்கத்தோடு விற்கப் போயிருந்தேன்.

என் வாதம் எனக்குச் சொந்தமானதன்று. பிரெஞ்சுக் கணித மேதை பிளேய்ஸ் பாஸ்கல் (1623–1662) விட்டுச்சென்ற குறிப்புகளில் அது உள்ளது. கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிவால் முடிவுகட்ட இயலாதபோது, உண்டெனப் பந்தயம் கட்டுவதே மேல். வென்றால் எல்லையற்ற பேறு, தோற்றால் இழப்பு மிகச் சிறிது என்பது அதன் சாரம். சூதாட்டக் கணக்குகளை ஆராய்ந்து நிகழ்தகவுக் கணிதத்திற்கு அடிகோலியவர் அவர். சூதில் பழகிய மனத்தோடு, அதற்குப் புரிந்த மொழியில் பேசினார். இதே கணக்கை எந்தச் சமயத்தாரும் தத்தம் கடவுளுக்காகப் போடலாமே என்று பிற்காலத்தார் மறுத்ததும் நியாயமே.

ஆயினும் பாஸ்கல் அந்தக் கணக்கால் வாழவில்லை. 1654 நவம்பர் 23-ஆம் நாள் இரவில் நெருப்புப்போன்ற ஓர் இறையனுபவம் அவரை ஆட்கொண்டது. அதை எழுதித் தம் மேலங்கியின் உட்புறம் தைத்துக்கொண்டார். அவர் இறந்தபின்பே அது பிறர் கண்ணில் பட்டது. இறுதி நாள்களில் ஓர் ஏழைக் குடும்பத்திற்குத் தம் வீட்டில் இடமளித்திருந்தார். அவர்கள் பிள்ளைக்கு அம்மை கண்டபோது, அவர்களை வெளியேற்றாமல், நோயாளியான தாமே சகோதரியின் இல்லத்திற்குப் பெயர்ந்தார். அங்கேயே உயிர் நீத்தார். நட்டமென்ன என்று கேட்பவரின் செயலா இது?

யோபு நூலின் தொடக்கத்தில் சாத்தான் எழுப்பும் ஐயம் நாமறிந்ததே: ஆதாயம் இல்லாமலா யோபு கடவுளுக்கு அஞ்சி நடக்கிறான்? அன்றிரவு அக்கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நான் தவறாமல் கண்ட ஞாயிறு திருப்பலிகள், மாதாவுக்கு நேர்ந்த மெழுகுதிரிகள் யாவும் எதிர்காலத்திற்காகக் கட்டிய தவணைகள்தாமோ? மகளை இழந்ததற்காக இருபது ஆண்டுகள் கடவுளோடு பேச மறுத்த மனிதர், என்னைவிட அவரைப் பொருட்படுத்தியவர் அல்லவா? இல்லாத ஒருவரிடம் எவரும் இத்தனை காலம் கோபித்திருப்பதில்லை.

மறுநாள் பங்குத்தந்தையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எண்ணெய்ச் சிமிழின்றி வந்தார். முக்காலியில் அமர்ந்து, மாந்தோப்பைப் பற்றியும் மஞ்சளாற்றில் வந்த தண்ணீரைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார். மீண்டும் வந்தார். மூன்றாம் முறை சிற்றப்பாவே பேச்சைத் தொடங்கினார்.

"சாமி, எம் பிள்ளையப் பாப்பேனா?"

குருவானவர் உடனே விடை சொல்லவில்லை. சிற்றப்பாவின் கையைப் பற்றிக்கொண்டு, "அந்த நம்பிக்கையிலதான் ஐயா நானும் உயிரோட இருக்கேன்" என்றார். சிற்றப்பா அழுதார். அவர் அழுது நான் கண்டது அன்றுதான்.

அவ்வாரமே, நோயில்பூசுதல் பெறுமுன், உறக்கத்தில் அவர் உயிர் பிரிந்தது. 'போய்ச்சேரும் இடம் என்னவோ' என்று உறவினர் சிலர் கவலைப்பட்டனர். எனக்கு அக்கவலை எழவில்லை. மகளைத் தேடிய தகப்பனின் கண்ணீரை, மகனைத் தேடும் தந்தையாகத் தம்மைக் காட்டிய இறைவன் அறியாதிருப்பாரா?

இன்றும் செபிக்க அமரும்போது என்னுள்ளே இருக்கும் சீட்டு வணிகன் விழித்துக்கொள்வதுண்டு. ஆண்டவரே, அவனையும் உம்மிடமே கொண்டுவருகிறேன். நட்டக்கணக்குப் பாராமல் உம்மை நேசிக்க அவனுக்குக் கற்றுத்தாரும்.