தலைப்பில் விடுபட்ட சொல்

பிறநாட்டுத் திரைப்படம் ஒன்று நம் மொழியில் மீண்டும் எடுக்கப்படும்போதெல்லாம், பார்வையாளரிடையே எழும் முதற்கேள்வி, மூலத்தைப் போல் இருக்கிறதா என்பதே. கேள்வி இயல்பானதுதான். ஆயினும் அதனோடு நின்றுவிட்டால், இரு படங்களை ஒப்பிட்டவர்களாவோமேயன்றி, ஒன்றையேனும் முழுமையாகப் பார்த்தவர்களாக மாட்டோம். 2016-ஆம் ஆண்டு வெளிவந்த 'தோழா' இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

இதன் மூலம், ஒலிவியே நக்காஷ், எரிக் தொலெதானோ ஆகிய இருவரும் இயக்கி, 2011 நவம்பரில் பிரான்சில் வெளிவந்த 'தி இன்டச்சபிள்ஸ்'. விபத்தில் கழுத்துக்குக் கீழ் உணர்விழந்த பெருஞ்செல்வர் ஒருவர்; பாரிசின் புறநகர்க் குடியிருப்பிலிருந்து வரும் கறுப்பின இளைஞன் ஒருவன். வேலை தேடியதாக ஒரு கையெழுத்து வாங்கிச் சென்றால் அரசின் உதவித்தொகை கிடைக்கும் என்பதற்காகவே அவன் அம்மாளிகைக்குள் நுழைகிறான். அவனையே தம்மைப் பராமரிக்கும் பணியில் அமர்த்திக்கொள்கிறார் செல்வர். பிரான்சில் மட்டும் 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்ற படம் இது. இளைஞனாக நடித்த ஓமர் சீ, அந்நாட்டின் உயரிய செசார் விருதை 2012-இல் பெற்றார்.

வம்சி பைடிபள்ளி இதனைத் தமிழில் 'தோழா' என்றும், தெலுங்கில் 'ஊபிரி' என்றும் ஒரே சமயத்தில் எடுத்தார். நாகார்ஜுனா செல்வராகவும், கார்த்தி சிறையிலிருந்து பரோலில் வந்த இளைஞனாகவும் தோன்றினர்.

அந்நாளில் நம் செவியில் விழுந்த கருத்துகளை மூவகையாகப் பிரிக்கலாம். பிரெஞ்சுப் படத்தை முன்பே பார்த்தவர்கள், அதன் அடக்கமும் நகைச்சுவையும் இங்கே கரைந்துவிட்டன என்றனர். பாரிசுப் பயணம், பாடல்கள், காதல், தாய்ப்பாசம் என்று படம் நீண்டுவிட்டது என்பது அவர்கள் குறை. மூலத்தை அறியாதவர்களோ மனம் நிறைந்து வெளியே வந்தனர். முன்னணிக் கதாநாயகர் ஒருவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே படம் முழுவதும் நடிக்க இசைந்ததே அரிய செயல் என்று பாராட்டினர். மூன்றாம் வகையினர் நடுநிலையாளர். நம் மக்களுக்கு ஏற்றவாறு மாற்றினால்தானே படம் ஓடும் என்று அவர்கள் அமைதி கூறினர்.

மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. மாற்றம் என்பதே குற்றமன்று. மூலம் என்று நாம் போற்றும் பிரெஞ்சுப் படமும் ஒரு மாற்றமே. பிலிப் பொஸ்ஸோ தி போர்கோ என்னும் உயர்குடிச் செல்வர் 1993-இல் பாராகிளைடிங் விபத்தில் உடல் செயலிழந்தார். தம் வாழ்வை 2001-இல் நூலாக எழுதினார். 'இரண்டாம் மூச்சு' என்பது அதன் தலைப்பின் பொருள். அவரைப் பராமரித்த அப்தெல் செல்லு, அல்ஜீரியாவில் பிறந்தவர். திரையிலோ அவர் செனகல் நாட்டிலிருந்து வந்தவராக மாறினார். ஆக, வாழ்க்கை நூலாகி, நூல் திரைப்படமாகி, அப்படம் நம்மிடம் வந்து சேர்ந்தது. மூச்சு என்னும் பொருள்தரும் 'ஊபிரி' என்ற தெலுங்குத் தலைப்பு, அந்நூலின் தலைப்பை நினைவூட்டுவது எத்துணை அழகு!

நாம் கேட்ட கருத்துகளில் எவரும் எழுப்பாத கேள்வி ஒன்று உண்டு. பிரெஞ்சுத் தலைப்பு எங்கே போயிற்று?

அச்சொல்லுக்கு எவரும் நெருங்கவியலாதவர்கள் என்னும் பொருள் உண்டு. தீண்டத்தகாதவர்கள் என்பதும் அதன் பொருள். பிரெஞ்சு மொழியில் பிற்பொருள் முதன்மையாக நம் நாட்டு மக்களையே குறித்து வழங்கியது. சாதியின் பெயரால் நாம் விலக்கி வைத்தவர்களைக் குறிக்கவே ஐரோப்பிய மொழிகள் அச்சொல்லை ஆண்டன. பாரிசின் இயக்குநர்கள் அதனை எடுத்து, தொடுவுணர்வற்ற உடலோடு வாழும் செல்வருக்கும், நிறத்தாலும் வறுமையாலும் ஒதுக்கப்பட்ட இளைஞனுக்கும் ஒருங்கே சூட்டினர். கறுப்பின இளைஞனைக் காட்டிய விதம் சரியன்று எனச் சில அமெரிக்க விமரிசகர்கள் சினந்ததும் உண்டு. சினத்திற்கு இடம் தரும் அளவிற்கேனும் அப்படம் தன் நாட்டின் சுவரைத் தொட்டது.

அக்கதை நம் நாட்டிற்கு வந்தபோது அச்சொல் வாசலிலேயே நின்றுவிட்டது. இங்கே இளைஞன் மீதுள்ள கறை சிறைவாசம். அது திருந்தினால் நீங்கும் கறை. பிறப்பால் சுமத்தப்படும் கறையன்று. அர்ஜென்டினாவில் 2016-இல் 'பிரிக்கவியலாதவர்கள்' என்ற பொருளிலும், அமெரிக்காவில் 2019-இல் 'தி அப்சைட்' என்றும் திரைக்கு வந்த மறுவாக்கங்களும் இத்தலைப்பை விட்டன. அவை அச்சொல் பிறந்த நாடுகளல்ல. நம் நாடோ, 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பால் தீண்டாமையை ஒழித்த நாடு. சட்டத்தால் ஒழித்ததை மனத்தால் ஒழிக்காத நாடும்கூட.

திரைத்துறையினரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. பெரும்பொருள் முதலிட்டு எடுக்கும் படத்தில், பார்வையாளர் முகம் சுளிக்கும் சொல்லை எவர் துணிந்து வைப்பார்? நாம் விரும்பாததை அவர்கள் விலக்கினர். நாம் கேளாததை அவர்கள் தரவில்லை. சாதிக்கொரு பகுதியெனச் சுவரெழுப்பிய கல்லறைத் தோட்டங்களை நம் பங்குகளிலேயே கண்டிருக்கும் நாம், தலைப்பில் ஒரு சொல் விடுபட்டதைக் கவனியாமற்போனதில் வியப்பென்ன?

பிரெஞ்சுப் படத்தில் ஓர் இடம் நினைக்கத்தக்கது. இத்தகைய முரடனை ஏன் வைத்திருக்கிறீர் என்று நண்பர் கேட்கிறார். தொலைபேசி ஒலித்தால் அவன் அதைத் தம்மிடம் நீட்டுவதையே செல்வர் காரணமாகச் சொல்கிறார். தமக்குக் கை அசையாது என்பதை அவன் மறந்துவிடுகிறானாம். இரக்கம் அவருக்குத் திகட்டிவிட்டது. தம்மை மனிதராக மட்டும் பார்க்கும் ஒருவனே அவருக்குத் தேவைப்பட்டான்.

போர்கோ 2023-இல் மறைந்தார். அவர் கதையை நம்மவர் மீண்டும் ஒருமுறை படமாக்க வருவாராயின், மூலத்தை ஒத்திருக்கிறதா என்பதோடு இன்னொன்றையும் கேட்போம்: மாளிகைக்குள் வரும் அந்த இளைஞன் நம் ஊரில் எந்தத் தெருவிலிருந்து வருவான்? அவன் நீட்டும் தண்ணீரை நம் வீட்டில் வாங்கிக் குடிப்போமா?