ஆனிச் சாரலும் அத்தை வாங்கிய பழமும்

ஏட்டி,

போனில் சொல்லியிருக்கலாம்தான். குக்கர் விசிலுக்கு நீ ஓடுவாய், பால் பொங்குகிறதென்று நான் ஓடுவேன், பாதிக் கதை அடுப்படியிலேயே தீய்ந்துவிடும். இது முழுசாகச் சொல்லவேண்டிய கதை.

குற்றாலம் போய்வந்தோம். வைகாசியில் தம்பிக்குக் கல்யாணம் முடிந்ததா, ஆடி பிறந்தால் புதுப்பெண்ணை அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அதற்குள் எல்லாரும் ஒருதரம் அருவியில் தலையைக் காட்டிவிடலாம் என்று அண்ணன் வேன் பேசினான். "புதுசாக் கட்டிக்கிட்டவங்க தனியாப் போகட்டுமே" என்று மைனி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "தனியாப் போனா யாரு புளிச்சோறு கட்டிக் குடுப்பா?" என்று ஆச்சி ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அப்புறம் என்ன, அவர்கள் தேனிலவுக்கு ஆச்சி, அத்தை, மாமா, அண்ணன், மைனி, நாங்கள், வாண்டுகள் எல்லாருமாகக் கிளம்பினோம்.

ஆலங்குளம் வரை வேனுக்குள் வெந்தோம். பாவூர்சத்திரம் தாண்டியதும் வந்தது பார் ஒரு காற்று, உனக்குத் தெரியாததா? மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்க்கிற மழையில் மிச்சம் மீதி, செங்கோட்டைக் கணவாய் வழியாக நமக்குச் சாரலாக வருகிறது. மேலகரத்தில் மாமா வேனை நிறுத்தச் சொன்னார். ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் ஆச்சே! குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் இதுதான் என்று ஆரம்பித்தார். அத்தை டிரைவரைப் பார்த்து, "கவிராயரு எங்கயும் போயிர மாட்டாரு, தண்ணி நின்னுரும், நீ போப்பா" என்றாள்.

முந்தினநாள் பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்ததால் யாரையும் குளிக்க விடவில்லையாம். எங்கள் நல்ல நேரம், அன்று காலையில் திறந்துவிட்டிருந்தார்கள். மேலேயிருந்து வருகிற தண்ணீர் நடுவில் பொங்குமாங்கடலில் விழுந்து, வேகம் அடங்கித்தான் நம் தலைக்கு வருகிறது. அடங்கி வந்ததே முதுகில் சாத்து சாத்தென்று சாத்துகிறது. புதுப்பெண் முதலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பயந்து நின்றாள். அப்புறம் அவளை வெளியே இழுத்துவர மூன்று பேர் போகவேண்டியிருந்தது.

ஆச்சி கதையைக் கேள். அருவிக்கரையில் எண்ணெய், சோப்பு, சீயக்காய் எதற்கும் இப்போது அனுமதி கிடையாது. "எண்ணெ தேய்க்காம குத்தாலத்துல குளிச்சா அது குளியலா?" என்று ஆச்சி ஒரு பாட்டில் நல்லெண்ணெயை மடிக்குள் செருகிக்கொண்டு வந்திருக்கிறாள். பெண் போலீஸ் ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள். ஆச்சி அசரவில்லை. "குத்தாலநாதர் கோயில் விளக்குக்கும்மா" என்று கைகூப்பினாள். அந்தப் பெண்ணும் சளைத்தவள் இல்லை. "அப்பம் மொதல்ல விளக்குல ஊத்திட்டு வாங்க ஆச்சி, கோயில் பக்கத்துலதான் இருக்கு" என்றாள். ஆச்சி முணுமுணுத்துக்கொண்டே போய் மொத்தப் பாட்டிலையும் விளக்கில் கவிழ்த்துவிட்டு வந்தாள். அன்றைக்குக் குற்றாலநாதருக்குத்தான் யோகம்.

குளித்துவிட்டு வந்த பசியில் புளிச்சோறு எங்கே போனதென்றே தெரியவில்லை. பிறகு பழக்கடை. மங்குஸ்தான் வந்து குவிந்து கிடந்தது. அதில் என் வீட்டுக்காரர் ஒரு சூதாட்டமே நடத்தினார், தெரியுமா? பழத்தை உடைக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்வாராம், தப்பினால் ஆளுக்கு ஒரு ஐஸ்கிரீமாம். ஆறு என்றார், ஆறு இருந்தது. அடுத்ததில் ஐந்து என்றார், எண்ணிப் பார்த்தால் ஐந்து. பிள்ளைகள் வாயைப் பிளந்துவிட்டன. மைனி மட்டும் அந்தப் பழத்தை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். காம்புக்கு நேர் எதிரே, அடியில், சின்னப் பூ மாதிரி ஒரு தழும்பு ஒட்டியிருக்கிறது. அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை! கள்ளத்தனம் பிடிபட்டது, எல்லாருக்கும் ஐஸ்கிரீம் தண்டம் கட்டினார்.

இந்தச் சந்தடியில் அத்தையைக் காணோம். தேடினால், முள்ளும் முழியுமாக ஒரு பழத்தைத் துணிப்பையில் போட்டு ஏந்திக்கொண்டு வருகிறாள். துரியன்! பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் சீசனில் தேடிவந்து விலை பாராமல் வாங்கிப்போகிற பழம். அதைக் கொண்டுவந்து நேராகப் புதுப்பெண் மடியில் வைத்தாள். கல்யாணமாகி இரண்டு மாசம்கூட ஆகவில்லை! அவள் முகம் ரம்புட்டான் நிறத்துக்குப் போய்விட்டது. தம்பி வேன் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போனவன் வரவே இல்லை.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பிரானூர் பார்டர் வரை போவதற்குள் அந்த வாசனை எங்களைக் கொன்று எடுத்துவிட்டது. புரோட்டாக் கடையில் இறங்கினோம். சின்னச் சின்னப் புரோட்டாவைப் பிய்த்துப்போட்டுச் சால்னாவில் ஊறவிடும்போது மாமா மறுபடி பாடம் எடுத்தார். ஒருகாலத்தில் திருவிதாங்கூர் எல்லை இங்கேதான் இருந்ததாம், 1956 நவம்பரில் செங்கோட்டை நம்மோடு சேர்ந்தபிறகு எல்லை புளியரைப் பக்கம் நகர்ந்துவிட்டதாம். "எல்லை போனாப் போட்டும், சால்னா இங்கனயே இருக்கில்லா" என்றான் அண்ணன்.

வேனில் திரும்ப ஏற யாருக்கும் துணிச்சல் இல்லை. பழத்தை இங்கேயே உடைத்துத் தின்றுவிட வேண்டும், இல்லையென்றால் நடந்தே ஊருக்கு வருகிறோம் என்று பிள்ளைகள் கொடி பிடித்துவிட்டன. உடைத்தார்கள். புதுப்பெண் ஒரு சுளையை மோந்து பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டாள். தம்பி, வயிறு நிறைஞ்சிருச்சு என்றான். "துட்டுக் குடுத்து வாங்குனதுடா" என்று அங்கலாய்த்த அத்தை, தானே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள். மாமாவுக்கும் நீட்டினாள். அவரும் வரலாற்றை விட்டுவிட்டுச் சுளைசுளையாக வழித்துப்போட்டார். மைனி அடக்கமாட்டாமல், "அத்தெ, பாத்துச் சாப்பிடுங்க" என்றாள். எண்ணெய்ப் பாட்டில் போனதிலிருந்து வாயே திறக்காத ஆச்சி, "சித்திர மாசம் தெரிஞ்சுரும்" என்றாள். மாமாவுக்குப் புரை ஏறிவிட்டது. டிரைவர் தம்பி ஸ்டீரிங்கில் தலையைக் கவிழ்த்துச் சிரிக்கிறான்.

ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்தபோது ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வருவார்களாம். சாப்பாடும் கம்பர் பாட்டும் பேச்சுமாகப் பொழுது போகுமாம். நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன என்று மாமா சொன்னார். எனக்குக் கம்பரைத் தெரியாது, அத்தையைத் தெரியும். அவளைப் பற்றி உன்னிடம் சொன்னால்தான் எனக்குக் குற்றாலம் போய்வந்த கணக்கு நேராகும்.

உன் நாத்தனார் வளைகாப்பில் வளையல் பெட்டியை வைத்து என்னமோ தகராறு என்று காதில் விழுந்தது. ஒன்று விடாமல் எழுது. யார் முதலில் வாயைத் திறந்தது என்பது முக்கியம்.

உன் பாளையங்கோட்டைக்காரி