இரவல் குரல்

ஜவளகிரியில் நமது அத்தை வீட்டுத் திண்ணையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. 1945-ல் வெளிவந்த 'ஸ்ரீ வள்ளி' படத்துப் பாட்டு. "ருக்மிணி என்னமாய்ப் பாடுகிறார்!" என்று நாம் சபாஷ் போட்டதுதான் தாமதம், அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

"உதடுதான் அவளுடையது, அப்பா, குரல் பெரியநாயகியுடையது!"

வாஸ்தவந்தான். கதாநாயகியின் பாட்டு மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தியளிக்கவில்லை. ஆகவே படம் பிடித்தான பிறகு, பண்ணுருட்டிக்காரரான பி. ஏ. பெரியநாயகி அம்மாளைப் பாடவைத்து, அந்தக் குரலைப் பொருத்தினார். முன்னமே அசைந்துவிட்ட உதடுகளுக்கு இணங்கப் பாடுவதென்றால் இலேசா? தாமே நடித்தும் பாடியும் வந்தவர் அந்த அம்மாள். ஆயினும் ஊரார் வள்ளியின் முகத்தை நினைவில் வைத்தார்கள், பாடியவரை மறந்தார்கள். நாமும் அவ்வூராரில் ஒருவர்தாமே!

அடுத்த பாட்டுக்கு அத்தை நம்மை வாய் திறக்கவிடவில்லை.