நாற்பத்தெண்மர் எங்கே?

சாணக்யபுரி என்றதும் தூதரகங்களும் தமிழ்நாடு இல்லமுமே நம்மவர் நினைவுக்கு வரும். சென்ற மாதம் அங்கே ஒரு வீட்டில் பன்னிருவர் கூடிப் பாடக் கேட்டேன். வில்லியம் பேர்டு என்னும் ஆங்கிலேயர் 1590களில் அச்சிட்ட நான்கு குரல் பூசைப்பாடல் அது. கத்தோலிக்க வழிபாடு இங்கிலாந்தில் தடைப்பட்டிருந்த காலம். வீட்டுக்குள் மறைவாகக் கூடியோர்க்கு இத்தகைய பாடல்களே துணை!

பக்கவாத்தியம் ஏதுமில்லை. பௌதிகம் பயில்பவன் அல்லவா, என் செவி சுருதியையே நாடிற்று. பியானோவின் அந்தர காந்தாரம் 5:4 என்னும் தூய விகிதத்தினும் சற்றே ஏறி நிற்கும். கருவித் துணையற்ற நல்ல குழுவோ அவ்விகிதத்தை நோக்கி இறங்கும். நம் தம்புராவில் தானே எழும் காந்தாரமும் அதுதான்.

மகிழ்ச்சியோடு பொறாமையும் எழுந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கைக்கும் கொட்டிமத்தளத்துக்கும் ஒவ்வொருவரையும் இராசராசன் அமர்த்தினான். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். கல்வெட்டே சான்று. பேர்டுக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டு முந்திய செய்தி! இன்றோ பெரும்பாலும் ஓதுவார் ஒருவர் தனித்துப் பாடுகிறார். நாம் கேட்டுவிட்டுக் கலைகிறோம்.

மூன்று வயதில் தில்லிக்கு வந்த எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டியே வரும். தனியே மேடையேறினால் நாத் தடுக்கும். நாற்பது பேர் நடுவில் நின்றால் தடுக்காது. எனவே செயலாளருக்கு ஒரு விண்ணப்பம்: வரும் பொங்கல் விழாவில் தனிப்பாட்டுப் போட்டி ஒன்றைக் குறைத்து, பழம்பஞ்சுரப் பதிகம் ஒன்றைச் சேர்ந்து பாடுவோம். இன்று சங்கராபரணத்தில் பாடப்படும் பண் அது. மேல்நாட்டு இசை பழகியவர்க்கும் எளிது. ஒத்திகைக்கு ஞாயிறு மாலையில் என் அறை உண்டு. பாய் மட்டும் கொண்டு வாருங்கள்.