மயிரிழை இடைவெளி

மாஸ்ஸி பெர்குசன் 135 டிராக்டரைச் செய்த இங்கிலாந்தின் கோவெண்ட்ரி ஆலை 2002ஆம் ஆண்டு மூடப்பட்டது. ஆனால் அங்கே பிறந்த வண்டிகளை நம்பி உலை வைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

புக்கிட் பெருவாங் பக்கம் என் மாணவி ஒருத்தியின் தாத்தா, சேமநிதிப் பணத்தில் அப்படியொரு பழைய வண்டி வாங்கிச் செம்பனைக் குலை ஏற்றி வந்தார். "முன்சக்கரம் ஆடுது வாத்தியாரே. புதுப் பேரிங் போட்டாலும் மூணு மாசந்தான் தாங்குது" என்று ஒருநாள் வருந்தினார். ஒவ்வொரு முறையும் பேரிங் மேல்தான் பழி விழுந்தது. கழற்றிய சக்கரக் குடத்தை அவர் காட்டியபோதுதான் நோய் எங்கே என்று தெரிந்தது. பேரிங்கின் வெளிவளையம் உட்காரும் இடம் கண்ணாடிபோல் பளபளத்தது. வளையம் இறுகி நிற்காமல் குடத்துக்குள் சுற்றிச் சுற்றி இரும்பைத் தின்றிருக்கிறது!

நம் தலைமயிரின் பருமன் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர். அதைவிடக் குறைந்த இடைவெளியே இந்தக் கேட்டுக்குப் போதும்.

எந்த வளையம் இறுக வேண்டும்? முன்சக்கரத்தில் அச்சு நிற்கிறது, குடம் சுற்றுகிறது. எனவே வெளிவளையம் குடத்தில் இறுக உட்கார வேண்டும். உள்வளையம் அச்சில் கையால் தள்ளினால் நகரலாம், அது குறையன்று. அச்சே சுற்றும் இடத்திலோ உள்வளையம்தான் இறுக வேண்டும்.

சில பட்டறைகளில் குடத்தின் உட்புறம் உளியால் புள்ளி குத்தி வளையத்தை அடித்து இறக்குவார்கள். அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் பாரம் முழுவதும் அந்தச் சில புள்ளிகளின் நுனியில் நிற்கிறது. நுனி நசுங்கியதும் பழைய கதைதான். தகர டின்னை வெட்டிச் செருகுவதும் அப்படியே. வளையம் கோணலாக உட்கார்ந்து பேரிங்கையும் கெடுத்துவிடும்.

தேய்மானம் மிகக் குறைவென்றால் பேரிங் ஒட்டும் பசை உதவும். அமெரிக்கப் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் 1953இல் கண்டுபிடித்த பசை இனம் அது. காற்றுப் படும்வரை திரவமாக இருக்கும். உலோகங்களுக்கு இடையே காற்றின்றி அடைபட்டதும் கெட்டியாகும். பூசுமுன் கிரீஸைச் சொட்டுக்கூட இல்லாமல் கழுவ வேண்டும். பசை இறுகும்வரை பொறுக்கவும் வேண்டும்.

தேய்மானம் அதிகமென்றால் லேத் பட்டறைதான் கதி. குடத்தைக் கடைந்து, எஃகு வளையமொன்றை உள்ளே இறுக்கி, பேரிங் அளவுக்குத் திரும்பக் கடைவார்கள். தாத்தா செய்தது இதைத்தான். செலவு கூடுதல், ஆனால் ஒரே முறை. குடம் வெடித்திருந்தால் மாற்றுவதே நல்லது.

சக்கரம் கழன்றால் கவிழ்வது வண்டி மட்டுமா? பின்னால் டிரெய்லரில் உட்கார்ந்து வருபவர்கள் நம் பிள்ளைகள் அல்லவா!

ஆகவே, சக்கரம் ஆடினால் முதலில் நட்டின் இறுக்கத்தைச் சரிபாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் கட்டை கொடுத்து, பிறகு கழற்றுங்கள். புதுப் பேரிங்குக்குக் காசு கொடுக்குமுன், அது உட்காரப்போகும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள்.